சன்னல் காலி

நம்புகிறவர்கள் முன்னால் உட்காரலாம், நம்பாதவர்கள் காற்றோட்டமாகப் பின்னால் உட்காரலாம், இரண்டு பேருக்கும் ஒரே கதைதான். பொய் கலக்கிற இடம் வந்தால் நானே இருமிக் காட்டிவிடுவேன், அது எனக்கும் கேட்கிறவர்களுக்கும் உள்ள ஒப்பந்தம்.

எங்கள் நண்டலாந்துறையில், மீன் ஏலம் போடும் கொட்டகைக்கும் பஸ் திரும்பும் பூவரச மரத்துக்கும் நடுவில், குணபாலன் பூரணி ஸ்டுடியோ வைத்திருந்தான். அதற்கு நேர் எதிரே நான் படங்களுக்குச் சட்டம் அடித்துக் கண்ணாடி போடும் கடை வைத்திருந்தேன். அவன் பிடிப்பதை நான் அடைப்பேன் என்று ஊரில் கேலி பேசுவார்கள். முதலில் அவனுடைய பிளாஷ் கேமராவின் தலைமேலேயே உட்கார்ந்திருக்கும், அமுக்கினால் நேரே மூஞ்சியில் அறையும். எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோரும் படத்தில் உரித்த முட்டை போல வெளுத்து, விழி பிதுங்கி, பின்னால் சுவரில் கறுப்பாக ஒருவன் நின்று கழுத்தைப் பிடிப்பது போன்ற நிழலோடு இருப்பார்கள். மாப்பிள்ளைப் படம் எடுத்தால் லாக்கப்பிலிருந்து கூட்டி வந்த ஆள் போல இருக்கும்.

"ஏம்ப்பா குணபாலா, பொண்ணு வீட்டுல இந்தப் படத்தக் காட்டினா என்ன கேஸுல உள்ள போனாருன்னு கேக்குறாங்கப்பா" என்று கல்யாணத் தரகர் மாசிலாமணி ஒருநாள் எல்லோர் எதிரிலும் கேட்டுவிட்டார்.

அந்த அவமானத்தில் குணபாலன் பிளாஷைக் கேமராவின் தலையிலிருந்து இறக்கினான். நீளமாக ஒயர் இழுத்து, ஒரு கம்பத்தில் அதைக் கட்டி, உட்காருகிறவருக்குப் பக்கவாட்டில், தலைக்குக் கொஞ்சம் மேலே, சாய்வாக நிறுத்தினான். முகத்துக்கு மேடு பள்ளம் வந்தது, ஆனால் மூக்கின் நிழல் கன்னத்தில் அட்டை போல ஒட்டிக்கொண்டது. வெளிச்சத்தைத் துணியில் வடிகட்டினால் மெத்தென்று விழும் என்று யாரோ சொல்ல, எண்ணெய்க் காகிதம் கட்டிப் பார்த்தான், முகம் காமாலை கண்டது. கொசுவலை கட்டிப் பார்த்தான், போதவில்லை. வேட்டி கட்டிப் பார்த்தான், அவன் மனைவி வந்து அவிழ்த்துக்கொண்டு போனாள். கடைசியில் மீனுக்கு ஐஸ் வைக்கும் தெர்மாகோல் பெட்டி ஒன்றை எடுத்து, உள்ளே ஜிகினாத் தாள் ஒட்டி, பிளாஷை அதற்குள் வைத்து, பெட்டியின் வாயில் கரை ஒதுங்கிக் கிடந்த ஒரு பாய்மரத் துணியை இழுத்துக் கட்டினான். உப்பும் வெயிலும் தின்று தின்று அது கருவாட்டுச் செதிலைப் போல மெலிந்து வெளுத்திருந்தது. அதன் வழியாக வந்த வெளிச்சம் முகத்தில் விழவில்லை, படிந்தது.

அந்த வெளிச்சத்தில் முதலில் உட்கார்ந்தவள் கூட்டுறவுச் சங்கக் கணக்கர் மகள். படம் வந்ததும் மாசிலாமணி என் கடைக்கு ஓடிவந்து, கண்ணாடியில் கீறல் பார்க்க நான் வைத்திருக்கும் லென்ஸை வாங்கி, கன்னத்தில் இருப்பது மச்சமா தூசியா என்று பார்த்தார். பார்த்தவர் கண்ணிடம் போய் நின்றுவிட்டார். பெட்டியின் வாய் கருவிழியில் பிரதிபலித்து, எள்ளளவுக்கு வெள்ளையாக ஒரு சன்னல் தெரிந்தது. அந்தச் சன்னலில் ஓர் ஆள் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான்.

"அண்ணே, இது ஐஸ் பேக்டரி குமரவடிவுதானே?"

நான் வாங்கிப் பார்த்தேன். "அவன்தான். சைக்கிள் பெல்லுக்கு மூடி இல்ல பாருங்க."

கணக்கர் பார்த்தார், மகளை அடிக்கக் கை ஓங்கினார், பிறகு இறக்கினார். கண்ணுக்குள்ளேயே வந்து நின்றுவிட்டவனை வாசலில் நிறுத்தி என்ன பயன் என்று ஆவணியிலேயே கல்யாணத்தை முடித்தார்.

ஊர் இதற்கெல்லாம் வாய் பிளக்கவில்லை. உப்புக்காற்று அடித்தால் பூட்டு துருப்பிடிக்கும், பூரணி ஸ்டுடியோவில் படம் எடுத்தால் மனசில் இருக்கிற ஆள் கண்ணில் தெரியும், அவ்வளவுதான். மாசிலாமணி ஜாதகக் கட்டோடு சொந்தமாக ஒரு லென்ஸும் வைத்துக்கொண்டார். படம் எடுக்கக் கிளம்பும் புருஷன்மாரின் பின்னாலேயே மனைவிமார் தெருமுனை வரை வந்து, "என்னையே நெனச்சுக்கிட்டுப் போங்க, வழியில எவளையும் பாத்துத் தொலைக்காதீங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். சில புருஷன்மார், "எனக்குப் பழைய மாதிரியே மூஞ்சியில அறைஞ்சு எடுத்துருப்பா, நமக்கு அழகு வேணாம்" என்று குணபாலனின் காலைப் பிடித்தார்கள். தேர்தலில் நின்றவர் கண்ணில் அவரே மாலையோடு நின்று கையாட்டினார். தலைமையாசிரியர் கண்ணில் அவருடைய எருமை நின்றது. வலைக்காரர் ஒருவர் கண்ணில் ஒரு தட்டுச் சுறாப்புட்டு இருந்தது, அவர் மனைவி உற்றுப் பார்த்துவிட்டு, "பரவால்ல, நம்ம வீட்டுத் தட்டுதான்" என்று நிம்மதியாகப் போனாள். சப்-இன்ஸ்பெக்டர் கண்ணில் அவர் மாமியார் லத்தியோடு நின்றார். இங்கே ஒரு இருமல்.

எங்கள் பக்கத்தில் ஓர் ஆள் இறந்தால், குளிப்பாட்டி, புதுத்துணி உடுத்தி, நாற்காலியில் சாத்தி உட்கார வைத்து, மூத்த மகன் இமையைத் தூக்கிப் பிடிக்க, ஒரு படம் எடுத்துவிட்டுத்தான் பாடையில் வைப்பார்கள். அந்த வழக்கத்துக்கும் குணபாலன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். இறந்தவர்களின் கண்ணிலும் சன்னல் இருந்தது, ஆனால் அங்கே யாரும் இல்லை. குடியிருந்தவர்கள் காலிசெய்துகொண்டு போன வீட்டின் சன்னல் மாதிரி அது வெறுமனே திறந்து கிடந்தது. அதிலிருந்து எங்கள் ஊரில் 'செத்துப்போனார்' என்று யாரும் சொல்வதில்லை, 'சன்னல் காலி' என்பார்கள். நாடி பிடித்துப் பார்த்துச் சந்தேகம் வந்தால் கம்பவுண்டரே, "குணபாலனுக்கு ஆள் அனுப்புங்க" என்பார்.

இப்போது பவுனாம்பாளிடம் வருகிறேன்.

பவுனாம்பாளின் புருஷன் தனிக்கொடி, கட்டுமரத்தில் கடலுக்குப் போனவன், திரும்பவில்லை. மரம் வந்தது, துடுப்பு வந்தது, பாயும் ஆளும் வரவில்லை. சில வருஷமாயிற்று. கல்யாண வீட்டில் குங்குமத் தட்டு எல்லோரிடமும் வந்து அவளிடம் வரும்போது சற்றே உயர்ந்து தாண்டிப் போகும். இழவு வீட்டில் தாலியறுத்தவர்கள் உட்காரும் பக்கம் போனால், "நீ ஏண்டி இங்க, எந்திரி" என்று அவர்களும் விரட்டுவார்கள். எந்த வரிசையிலும் இடமில்லாமல், நெற்றி நிறையப் பொட்டு வைத்துக்கொண்டு, அவள் கருவாட்டுக் கூடையோடு ஊரின் நடுவிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

மாமியார் காத்தாயிக்கு வேறு துன்பம். விடியற்காலைக் கனவில் மகன் சொட்டச் சொட்ட வாசலில் நிற்கிறான், "உள்ள வாடா" என்றால், "படம் மாட்டலியே ஆத்தா, நான் எங்க வந்து உக்கார்றது" என்கிறான். மாட்டுவதற்குப் படம் இல்லை. தனிக்கொடி கேமராவைக் கண்டால் ஓடுகிற ஆள். கல்யாணத்தன்றுகூட பிளாஷ் அடிக்கிற நேரம் பார்த்து மாலையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டான்.

காத்தாயி ஒரு யோசனை செய்தாள். தன் கண்ணில் மகன் நிற்பான், அதைப் பெரிதாக்கினால் படம் கிடைத்துவிடும் என்று குணபாலன் முன்னால் போய் உட்கார்ந்தாள். படம் வந்தது. இரண்டு கண்ணிலும் புரை விழுந்த அந்தக் கிழவியின் கண்ணில் தனிக்கொடி இருந்தான்: கன்னத்தில் திருஷ்டிப் பொட்டோடு, இடுப்பில் அரைஞாண் கயிறோடு, கட்டை விரலைச் சப்பிக்கொண்டு.

"என் கண்ணுல அவன் வளரவே இல்லடி பவுனு. உன் கண்ணுலதான் ஆளா நிப்பான். வந்து உக்காரு."

"உக்காந்தா கையோட மாலைய வாங்கிட்டு வந்துருவீங்க."

"அவன் செத்துட்டான்டி."

"செத்தவரைக் காட்டுங்க, அழுவுறேன். ஒடம்பு வராம என் பொட்டுல கை வைக்க ஒருத்தியும் வரக்கூடாது."

இப்படி வாசலில் கத்தியவள், மறுநாள் மத்தியானம் என் கடைக்கு வந்து, ஒரு சாமி படத்தைத் துடைப்பது போல நின்றாள். "மாமா, யார்கிட்டயும் சொல்லிராதீங்க. அவரு மூஞ்சி எனக்கு மறந்துபோச்சு. மூக்கு ஞாபகம் இருக்கு, மீசை ஞாபகம் இருக்கு, சேத்து வச்சா வேற யாரோ வர்றாங்க." பிறகு தெருவைத் தாண்டி ஸ்டுடியோவுக்குள் போனாள். லென்ஸ் என்னுடையது என்பதால் நானும் போனேன்.

குணபாலன் அவளைப் பக்கவாட்டில் திருப்பி உட்கார வைத்து, பெட்டியை அவள் கன்னத்துக்கு ஒரு முழத்துக்குள் கொண்டுவந்தான். விளக்கு கிட்டே வர வர வெளிச்சம் மெத்தென்று ஆகும் என்பது அவன் கண்டுபிடித்து வைத்திருந்த சங்கதி. இருட்டான பக்கத்துக்கு ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையைக் காட்டினான், அது போன வெளிச்சத்தைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தது. பவுனாம்பாள் அப்போதுதான் பெட்டியின் வாயை அண்ணாந்து பார்த்தாள். எழுந்து, துணியின் மூலையில் தைத்திருந்த ஒரு கிழிசலைத் தொட்டாள்.

"செவப்பு நூலு. இது என் கைத்தையல் அண்ணே. இது எங்க பாய்."

குணபாலன் கையை எடுத்துவிட்டான். "அப்ப வேணாமா தங்கச்சி?"

"அடிங்க" என்று சொல்லி உட்கார்ந்தாள்.

படத்தில் அவன் நின்றான். வலது கண்ணின் சன்னலில், ஒரு கையைச் சட்டத்தில் ஊன்றி, கட்டம் போட்ட நீலச் சட்டையில், கொஞ்சம் தொப்பை போட்டு. பவுனாம்பாள் லென்ஸை அழுத்திப் பிடித்து வெகுநேரம் பார்த்தாள், மூக்கும் மீசையும் சேர்ந்து ஒரு முகமாக ஆவதைப் பார்த்து முதலில் சிரித்தாள், பிறகு சிரிப்பு நின்றது.

"மாமா, இந்தச் சட்டைய நான் தொவைச்சதில்ல."

ஞாபகத்தில் இருக்கிற ஆளுக்குத் தொப்பை போடாது. குணபாலன் இருட்டறைக்குள் போய் அந்தச் சன்னலை மட்டும் பெரிதாக்கிக்கொண்டு வந்தான், மாட்டுகிற அளவுக்கு. ஈரம் காயாத தாளில் தனிக்கொடி ஆளுயரத்துக்கு வந்தது போல இருந்தான், அவன் கண்ணிலும் எள்ளளவுக்கு ஒரு சன்னல் இருந்தது. அதற்குள் காத்தாயி பூக்கடைக்காரனையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். புரை விழுந்த கண்ணால் தாளைத் தடவிப் பார்த்து, "எம் மவனேதான், எம் மவனேதான்" என்றாள். பிறகு எல்லோரும் கேட்கப் பயந்ததை அவளே கேட்டாள்.

"கண்ணுல சன்னல் இருக்கா? ஆள் இருக்கா, காலியா? சொல்லுங்கடா."

குணபாலன் பார்த்து என்னிடம் லென்ஸைக் கொடுத்தான், நான் பார்த்து பவுனாம்பாளிடம் கொடுத்தேன். சன்னலில் ஒருத்தி நின்றாள். சேலைத் தலைப்பை எங்கள் பக்கத்துப் பெண்கள் போடாத விதமாக வலத்தோளில் போட்டிருந்தாள், பின்னால் எங்கள் ஊர்ப் பாய்மரம் போலில்லாத கூம்பு வைத்த படகுகள், இடுப்பில் ஒரு பிள்ளை. பிள்ளை இந்தப் பக்கம் கையை நீட்டிக்கொண்டிருந்தது, தூக்கச் சொல்கிற மாதிரி. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பவுனாம்பாளின் மூச்சில் லென்ஸ் மங்கியது. துடைத்தாள், பார்த்தாள். ஏலக் கொட்டகையில் யாரோ கூவுவது கேட்டது. அவள் லென்ஸை மேசைமேல் வைத்த மாதிரி அவ்வளவு மெதுவாக யாரும் எதையும் வைத்து நான் பார்த்ததில்லை.

"காலி, அத்தை" என்றாள்.

காத்தாயி மாரில் அடித்துக்கொண்டு அழுதாள், இத்தனை வருஷம் தேக்கி வைத்த அழுகை. பவுனாம்பாள் குனிந்து அவளைத் தூக்கினாள், தூக்கும்போதே முந்தானையால் நெற்றியை ஒரே இழுப்பில் துடைத்துக்கொண்டாள், யாரும் கை வைக்க வரவில்லை.

சட்டம் நான்தான் அடித்தேன். கருமாதி முறைப்படி நடந்தது. படத்தைத் திறந்து, கழுத்தளவுக்குச் செவ்வந்தி மாலை சாத்தி, கீழே ஜீரோ வாட் பல்பு எரியவிட்டார்கள். காத்தாயியின் கனவில் மகன் அன்றைக்கே உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டான், சொம்புத் தண்ணீரைக் குடித்தான், பிறகு கனவே வரவில்லை. பவுனாம்பாளுக்கு இழவு வீட்டில் இடம் கிடைத்தது, "நகர்ந்து உக்காரு பவுனு" என்று அவளுக்கு வழிவிட்டார்கள். அவள் கருவாடு விற்கிற குரல் முன்னைவிட உரக்கக் கேட்டது. நன்றாகத்தான் இருந்தாள்.

கொஞ்ச நாளில் என்னை வரச் சொன்னாள். "மாமா, உங்க ஆணி சரியில்ல. நிமித்தி வச்சா சாயுது."

ஆணி சரியாகத்தான் இருந்தது, படம் கனத்திருந்தது. இறக்கிப் பார்த்தேன். கண்ணாடிக்கு உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர். நான் ஒட்டிய சட்டத்துக்குள் எறும்பு போகாது, தண்ணீர் எப்படிப் போகும்? விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன், கரித்தது. நீலச் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. மடியிலிருந்து லென்ஸை எடுத்துக் கண்ணைப் பார்த்தேன். சன்னல் இருந்தது. அவள் இல்லை, பிள்ளை இல்லை, படகுகள் இல்லை.

"என்ன மாமா தெரியுது?"

"இப்ப நெசமாவே காலி, பவுனு."

அவள் சுவரில் சாய்ந்து அப்படியே கீழே உட்கார்ந்தாள். மடியில் உதிர்ந்து கிடந்த செவ்வந்தி இதழை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். "நான் மாலைதான் மாமா போட்டேன்" என்றாள்.

அதற்குப் பிறகுதான் ஊர்ப் படங்களில் அந்த வலத்தோள்காரி வர ஆரம்பித்தாள். ரேஷன் கடைக்காரர் கண்ணில் அவர் மகன் நின்றால், மகனுக்குப் பின்னால், தூரத்தில், கடலைப் பார்த்துக்கொண்டு இவள் நிற்பாள். புதுமணப் பெண் கண்ணில், மாப்பிள்ளையின் தோளுக்கு மேலே, நெற்றிக்குக் கையைக் குடையாக வைத்துக்கொண்டு இவள். ஊர் அவளுக்கும் பழகிக்கொண்டது, "படம் நல்லா வந்திருக்கா?" என்று கேட்டால், "வந்திருக்கு, அவளும் வந்திருக்கா" என்றார்கள், பிள்ளை வளர்ந்திருக்கிறதா என்று பெண்கள் லென்ஸ் வாங்கிப் பார்த்தார்கள், "ஐயோ, பொட்டோட கடலையே பாத்துக்கிட்டு நிக்கிறாளே, கடலுக்குப் போன புருஷன் இன்னும் வரல போலிருக்கு" என்று உச்சுக் கொட்டினார்கள். அவள் யார் என்று அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் மூன்று பேர், அதில் ஒருத்தி கருவாட்டுக் கூடையோடு அந்தப் பேச்சையெல்லாம் கேட்டுக்கொண்டே தெருவில் போனாள்.

ஒருநாள் காலை பவுனாம்பாள் ஸ்டுடியோவில் போய் உட்கார்ந்தாள். "என்னைய ஒண்ணு எடுங்கண்ணே." அவள் கண்ணில் வேறு யாரும் இல்லை, அந்தப் பெண் மட்டும் சன்னலை நிறைத்துக்கொண்டு, முகத்தோடு முகமாக நின்றாள். சிரிப்பு இல்லை. நெற்றி நிறையப் பொட்டு.

பவுனாம்பாள் அந்தப் படத்தோடு நேரே வீட்டுக்கு வந்தாள், நான் சுத்தியலோடு பின்னால் போனேன். காத்தாயி பல்புக்குக் கீழே உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, அன்னிக்கு நான் பொய் சொன்னேன். அவரு கண்ணுல ஆள் இருந்துச்சு. ஒருத்தி. இடுப்புல புள்ளை."

உலக்கை நின்றது. கிழவி கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நான் வாசல் பக்கம் ஒரு காலை வைத்துக்கொண்டேன். அவள் புரைக் கண்ணால் சுவரை அண்ணாந்து பார்த்தாள், மாலையைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள். எல்லாக் கணக்கும் அவளுக்குள்ளேயே ஓடி முடிந்தது. பிறகு கேட்டாள்:

"புள்ளை யாரு ஜாடை?"

"காது உங்க காது அத்தை."

கிழவி தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"அவ அங்க நின்னுக்கிட்டே இருக்கா அத்தை. எந்தப் பக்கம் உக்கார்றதுன்னு தெரியாம. யாரு போய்ச் சொல்லுவா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் பவுனாம்பாள் படத்தை ஆணியிலிருந்து கழற்றினாள், மாலையைச் சுருட்டி வைத்தாள். நான் பழைய செய்தித்தாளில் சுற்றிக் கயிறு போட்டுக் கொடுத்தேன், கடல் தண்ணீர் தாளை நனைத்துக்கொண்டே வந்தது. குணபாலனிடம் போய், "எங்க பாயக் குடுங்கண்ணே" என்றாள், அவனும் அவிழ்த்துக் கொடுத்துவிட்டான். எந்த ஊர் என்று தெரியாது, எந்தப் பாஷை என்று தெரியாது, கூம்பு வைத்த படகும் வலத்தோள் முந்தானையும்தான் அடையாளம். பூவரச மரத்தடியில் வடக்கே போகிற பஸ்ஸில் ஏறி, படத்தை மடியில் பிள்ளையைப் போல வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

குணபாலன் இப்போது பெட்டிக்கு வெள்ளை மல் துணி கட்டியிருக்கிறான், படம் அழகாகத்தான் வருகிறது, முகம் மெத்தென்று வருகிறது, கண்ணில் சன்னலும் வருகிறது. எல்லாச் சன்னலும் காலி. முதல் படங்கள் வந்தபோது ஊரே ஒருநாள் சோறு பொங்கவில்லை, ஒருவர் கையை ஒருவர் தொட்டுப் பார்த்துக்கொண்டோம். பிறகு எல்லோருமே காலி என்றால் யாருக்கு யார் அழுவது என்று அதற்கும் பழகிவிட்டோம்.

பவுனாம்பாள் திரும்பவில்லை. பஸ் வருகிறது, கருவாட்டு மூட்டை வருகிறது, அவள் வரவில்லை. ஸ்டுடியோவில் அவள் கடைசியாக எடுத்துக்கொண்ட படம் வீட்டில் இருக்கிறதே, அதற்குச் சட்டம் அடித்துத் தரச் சொல்லட்டுமா, விளக்கேற்றிக் கும்பிடலாமே என்று பஞ்சாயத்தார் காத்தாயியிடம் போய்ச் சொன்னார்கள், போனவர்களில் ஒருத்தர் கையில் பூப்பொட்டலமும் இருந்தது.

"ஒடம்பு வரட்டும்" என்றாள் கிழவி. "அதுக்கு முன்னால மாலைய என் வாசப்படிக்குக் கொண்டாந்தவன் கைய ஒடைச்சிருவேன்."

சட்டம் மட்டும் நான் அடித்துக் கொடுத்தேன், கொக்கி வைக்கவில்லை. அந்தப் படம் சுவருக்குப் போகவே இல்லை, காத்தாயி அதை மடியில் வைத்துக்கொண்டு பகலெல்லாம் பூவரச மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறாள், பஸ் திரும்பும்போதெல்லாம் என்னைக் கூப்பிட்டு லென்ஸைக் கொண்டுவரச் சொல்கிறாள், மருமகள் கண்ணில் அந்தப் பெண் இன்னும் பொட்டோடு நிற்கிறாளா என்று கேட்கிறாள். நேற்று பார்த்தேன். பொட்டு இல்லை. அவளுக்குப் பக்கத்தில் நம்முடைய பாய்மரத் துணி தரையில் விரித்துக் கிடக்கிறது, அதன்மேல் இரண்டு பெண்கள் சேர்ந்து உட்கார்ந்த மாதிரி நிழல்கள் விழுந்திருக்கின்றன, ஒரு நிழலின் மடியில் பிள்ளை. எந்த நிழலின் மடி என்று என் லென்ஸுக்குப் பிடிபடவில்லை.

கிழவியிடம் அப்படியே சொன்னேன். அவள் தன் காதைத் தொட்டுக்கொண்டாள். பின்னால் உட்கார்ந்திருப்பவர்களும் கவனித்திருப்பீர்கள், சப்-இன்ஸ்பெக்டரின் மாமியார் லத்தியோடு நின்ற இடத்துக்குப் பிறகு நான் இருமவே இல்லை.